இந்திரன் மழையாவது பெய்வித்தான்!

மணிமேகலையைப் படிப்போர் அமுதசுரபியைக் கண்டு வியப்பர். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம்! மேடைதோறும் அதன் புகழ் பேசப்படுகிறது. ஆனால், அந்தப் பாத்திரமும் ஒருகால் பயனற்று ஓய்ந்ததே, அது ஏன் என்று கேட்போர் சிலரே. கேட்டுப் பாருங்கள், சாத்தனார் தீட்டிய கதை நம் காலத்து நிதிநிலை அறிக்கைக்கு உரை சொல்வதைக் காண்பீர்கள்.

ஆபுத்திரன் பெற்ற தாயால் கைவிடப்பட்டவன். வேள்விப் பசுவைக் காக்க முனைந்தமைக்காக வேதியரால் விரட்டப்பட்டவன். மதுரை வந்து, ஓடேந்தி இரந்து, கண்ணற்றோர்க்கும் காலற்றோர்க்கும் ஊட்டி, மிஞ்சியதை உண்டு வாழ்ந்தவன். அவன் கைக்குத்தான் அமுதசுரபி வந்தது. ஊர்ப்பசி தீர்ந்தது, இந்திரன் இருக்கை ஆடிற்று! வரந்தர வந்தான் வானவர்கோன். எள்ளி நகைத்தான் ஏழைபங்காளன். சினங்கொண்ட இந்திரன் பாண்டிநாட்டில் மழையைப் பொழிவித்தான். வளம் பெருகிற்று, உண்பாரின்றிப் பாத்திரம் ஓய்ந்தது. பசித்தோரைத் தேடிக் கடல்கடக்கப் புறப்பட்ட ஆபுத்திரன், ஆளற்ற மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டு, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர்நீத்தான்.

அறத்தை முடக்க நினைத்த அந்த இந்திரனிடமும் ஒரு நேர்மை இருந்தது. முதலில் மழை பெய்தது. பிறகே பாத்திரம் ஓய்ந்தது. இன்றைய இந்திரர்களோ, "வறுமை குறைந்துவிட்டது, இனி எதற்கு இலவசம்?" என்று ஏட்டிலே மழை பெய்வித்து, ஏழையின் கையிலுள்ள பாத்திரத்தைப் பறிக்கப் பார்க்கின்றனர்!

காவியத்திலும் ஒரு குறை உண்டு. அதை மறைக்க வேண்டுவதில்லை. அமுதசுரபியை நிரப்புபவர் யார்? தெய்வம் தந்தது என்று சொல்லிப் புலவர் நகர்ந்துவிடுகிறார். பகுத்தறிவுக்கு அது விடையாகாது. சோற்றுக்கு நெல் வேண்டும். நெல்லுக்கு உழைப்பும் பொருளும் வேண்டும். யாருடைய பொருள்?

இந்த வினாவுக்குச் செட்டிநாடு ஒரு விடை சொல்லிப் பார்த்தது. காரைக்குடிச் சீமை வானம் பார்த்த பூமி. அங்கிருந்து கடல் கடந்து பொருளீட்டிய நகரத்தார், பர்மாத் தேக்கால் மாளிகை எழுப்பினர். காசியிலும் இராமேசுவரத்திலும் சத்திரம் கட்டினர். அழகப்பர் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி கண்டார். அந்தக் கொடையை நன்றியோடு போற்றுகிறோம். ஆனால், கொடையின் வேர் எங்கிருந்தது? 1930-களில் நெல் விலை வீழ, கடனடைக்க இயலாத பர்மிய உழவரின் நிலங்கள் வட்டிக்கடைகளுக்கு வந்தன. அந்தப் பத்தாண்டின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு செட்டியார்கள் கையிலிருந்தது. 1942-இல் சப்பானியப் படை புகுந்தது. 1948-இல் பர்மிய அரசு நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் செய்தது. மாளிகைகள் பல பூட்டப்பட்டன. வீட்டடுப்பே சுருங்கிய இடத்தில் அறத்தின் அடுப்பு எங்ஙனம் எரியும்?

வள்ளலின் மனமும் வாணிபமும் நிலைக்கும் வரையே தருமம் நிலைக்கும். நாடே வரிப்பணத்தால் வகுத்துக்கொள்வதுதான் உரிமை. தருமத்தில் பெறுபவர் கைகூப்ப வேண்டும். உரிமையில் குடும்ப அட்டையை நீட்டினால் போதும். காரைக்குடி நியாயவிலைக் கடை வரிசையில் நிற்கும் சித்தாள் பெண் எவர்க்கும் கடன்பட்டவள் அல்லள். அவள் வாங்கும் சோப்புக்கும் செருப்புக்கும் அரசு வரி வாங்குகிறது. புலவர் சொல்லாமல் விட்ட விடை அதுதான்: பாத்திரத்தை நிரப்புவோரில் அவளும் ஒருத்தி!

இந்த உரிமையை அறுப்போர் வாளேந்தி வருவதில்லை. விதியேட்டோடு வருவர், சல்லடையோடு வருவர், சில வேளை வெறுங்கையோடு சும்மா இருப்பர்.

விதியேட்டைப் பாருங்கள். 1920-இல் தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகலுணவு தொடங்கிற்று. பிள்ளையொன்றுக்கு நாளுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அந்தச் செலவு கூடாதென்று மேலிருந்த அரசு மறுக்கவே, 1925 ஏப்ரலில் உணவு நின்றது. பேரரசின் கருவூலம் ஓரணாச் சோற்றால் கவிழ்ந்துவிடுமாம்! நின்ற அடுப்பை மூட்டத் தமிழகம் ஓயாது உழைத்தது. 1956, 1982, 2022 என ஒவ்வொரு படியாக ஏறி, காலையுணவு வரை வந்தது.

சல்லடையைப் பாருங்கள். 1997-இல் டில்லி அரசு, வறுமைக் கோட்டுக்குக் கீழோர், மேலோர் என்று மக்களைச் சலித்துப் பிரித்தது. "உண்மை ஏழைக்கு மட்டும்" என்ற சொல் காதுக்கு இனிது. ஆனால், சல்லடையில் சிக்காது போனவர் செல்வர் மட்டுமல்லர். ஏழைகளிலேயே ஏராளமானோர் அட்டையின்றி நின்றதை அரசின் மாதிரி ஆய்வுகளே பின்னர்க் காட்டின. தமிழ்நாடு சலிக்க மறுத்தது. அரிசி வேண்டுவோர்க்கெல்லாம் கடை திறந்தே இருந்தது. 2011 சூன் முதல் அரிசி விலையின்றிக் கிடைத்தது. எனினும் சல்லடை வேறு வழியில் வந்தது. 2017-இல் அந்தியோதயா குடும்பங்கள் நீங்கலாக ஏனையோர்க்குச் சர்க்கரை மானியத்தை டில்லி நிறுத்திற்று. கிலோ 13 ரூபாய் 50 காசுக்கு விற்ற சர்க்கரை, நவம்பர் முதல் நாளிலிருந்து தமிழகக் கடைகளில் 25 ரூபாயாயிற்று.

வெறுங்கையோ எல்லாவற்றினும் நுட்பமானது. எண்பது வயதுக்குட்பட்ட ஏழை முதியவரின் ஓய்வூதியத்துக்கு டில்லி தரும் பங்கு, 2007-இல் மாதம் 200 ரூபாய். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடியும் அது அசையவில்லை. அரிசி விலை ஏறிற்று, மருந்து விலை ஏறிற்று. 200 மட்டும் கல்லாய்ச் சமைந்தது. 2023-இல் ஓய்வூதியம் 1,200 ஆனபோது, உயர்வின் சுமையைத் தமிழ்நாடே தாங்கிற்று. வெட்டாமலே வெட்டுவது இதுதான்: சட்டமில்லை, விவாதமில்லை, குருதியும் தெரிவதில்லை.

"கருவூலம் அமுதசுரபி அன்றே" என்பர். மெய். 1967-இல் அண்ணா ஆட்சி சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒருபடி அரிசி வழங்கிற்று. நிதி இடந்தராமையால் அதைத் தொடர முடியவில்லை. நம் வரலாற்றின் தோல்வியை நாம் ஒளிக்க வேண்டா. ஆனால், பொருள் குறையும்போது கத்தி முதலில் எங்கே பாய்கிறது என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. 2019 செப்டம்பரில் பெருங்குழுமங்களின் வருமான வரி நூற்றுக்கு 30-இலிருந்து 22 ஆகக் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே சொன்னது. அதற்கு இட்ட பெயர் ஊக்கம்! சித்தாளின் அரிசிக்கு இட்ட பெயர் இலவசம்! பொருள் ஒன்று, சொல் இரண்டு. மாளிகைக்கு ஓர் அகராதி, குடிசைக்கு ஓர் அகராதியா?

மணிமேகலை காட்டிய வழி நமக்குண்டு. சிறைக்கோட்டம் புகுந்து கைதிகளின் பசி தீர்த்தாள். மகிழ்ந்த மன்னன், வேண்டுவது யாதென வினவினான். அவள் பொன் கேட்கவில்லை, புகழ் கேட்கவில்லை. சிறையை அறக்கோட்டமாக்கு என்றாள். தனியொருத்தியின் கைப்பாத்திரம் போதாது, அரசின் கட்டடமே மாறவேண்டும் என்பதே அதன் பொருள். அமுதசுரபியின் பெருமை பேசும் மேடைகளில் இனி இதையும் பேசுங்கள். பாத்திரத்தைப் பறிக்க வருவோரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்:

"ஐயா, மழை பெய்துவிட்டதா?"