காற்றாடப் போட்டால் போதுமா?

உடுத்திய துணியைத் துவைக்காமல் மறுபடி உடுத்தலாமா என்று கேட்டால் சென்னையிலும் சரி, யாழ்ப்பாணத்திலும் சரி, முகம் சுளிப்பார்கள். ஆனால் பட்டுச்சேலைக்கு இரு ஊரும் தலைமுறைகளாக அதைத்தான் செய்கின்றன.

சென்னையில் மார்கழிக் கச்சேரிக்குக் கட்டிப்போன காஞ்சிபுரம் பட்டு, வீடு திரும்பியதும் நிழலில் கொடியேறும். ரவிக்கையும் உள்பாவாடையும் வாளிக்குப் போகும். வெயிலில் போட்டால் பட்டு வெளிறி நலிந்துவிடும். ஈரம் போனதும் மடிப்பை மாற்றி, பழைய வேட்டியில் சுற்றி வைப்பார்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை அங்கேயே இற்றுப்போகும்.

யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கோயில் திருவிழாவுக்கு உடுத்த சேலைக்கும் இதே கவனிப்புதான். வேறுபாடு பருவத்தில் இருக்கிறது. நல்லூரின் 25 நாளும் ஆடி, ஆவணி வெக்கையில் வருவதால் வேர்வை அதிகம். ஆனால் சோளகம் எனும் தென்மேற்குக் காற்றில், முற்றத்துக் கொடியில் போட்ட சேலை விரைவில் காய்ந்துவிடும். மார்கழிச் சென்னையில் வேர்வை குறைவு; அடுக்குமாடி வீட்டில் காற்றும் குறைவு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரு கரையிலும் இந்த முறை பலிக்காது. உலராத துணியில் பூஞ்சணம்தான் மிஞ்சும்.

காற்றால் எவ்வளவு முடியும்? வேர்வைக்குத் தனியே பெரிய மணமில்லை. தோலில் வாழும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் நாறுகிறது. துணி உலர்ந்தால் அவை பெருகுவது நிற்கும், ஆவியாகும் நாற்றமும் போகும். உப்பும் தோலின் எண்ணெய்ப்பசையும் போவதில்லை. மறுபடி வேர்த்தால் நாற்றம் திரும்பும். எண்ணெயைப் பிடித்துவைக்கும் பாலியெஸ்டரில் இது இன்னும் மோசம்.

அடிக்கடி துவைப்பதிலும் நட்டமுண்டு. யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் சுண்ணாம்புப் பாறையில் ஊறுவது. சவர்க்காரம் எளிதில் நுரைக்காது, தோய்த்த உடுப்பு விறைக்கும். சென்னை ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் நீரும் அப்படித்தான். 2019 கோடையில் அந்த நீருக்கே தட்டுப்பாடு.

ஓரிடத்தில் மட்டும் இரு ஊரும் காற்றை ஏற்பதில்லை. சென்னையில் துக்க வீடு, யாழ்ப்பாணத்தில் செத்தவீடு: பத்து நிமிடம் நின்று வந்தாலும் துணியை நனைத்தாக வேண்டும். அது தீட்டுக் கணக்கு, வேர்வைக் கணக்கல்ல.

வேர்வைக் கணக்கு மட்டும் என்றால், பட்டுக்குள்ள விதியை ஜீன்ஸுக்கும் ஸ்வெட்டருக்கும் சால்வைக்கும் நீட்டலாம். உள்ளாடை, காலுறை, பிள்ளைகளின் பள்ளிச் சட்டைக்கு அது செல்லாது. தோலை ஒட்டிக் கிடந்ததற்குத் தண்ணீரே வேண்டும்.