முழு நேரமும் முழு இருதயமும்

ஆரணியில் விடிவதற்கு முன்பே தெருவில் பாவு நீட்டிவிடுவார்கள். வெயில் ஏறினால் பட்டிழை அறும். அறுந்த இழையைக் கண்ணால் தேடி, விரலால் முடிந்துகொண்டே ஒருவர் நடப்பார். அந்தத் தெருவில் நிற்பவருக்குப் பட்டைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வராது. ஆனால் தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் ஆரணிக்கு இன்னொரு முகவரியும் உண்டு. ஸ்கட்டர் சகோதரர்கள் 1853-இல் தொடங்கிய ஆற்காடு மிஷனின் பழைய நிலையங்களில் இந்த ஊரும் ஒன்று.

வாழ்நாள் முழுவதையும் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்தவர்களைப் பற்றி இந்த வட்டாரத்தில் எழுதப்பட்டவை ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை ஸ்கட்டர் குடும்பத்தைப் பற்றியவை. அதில் வியப்பில்லை. மூத்த ஜான் ஸ்கட்டர் 1819-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து, 1836-இல் சென்னைக்கு மாறிய மருத்துவர். அவருடைய மகன்களில் ஏழு பேர் மிஷனரிகள். நான்கு தலைமுறைகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் ஆற்றிய ஊழியத்தைக் கூட்டினால் 1,100 ஆண்டுகளைத் தாண்டும் என்பார்கள். ஊழியத்தை ஆண்டுக்கணக்கில் கூட்டிப் பார்க்கும் வழக்கமே எனக்கு உறுத்துகிறது. அதை அப்புறம் சொல்கிறேன்.

மூத்த ஜானின் பேத்தி ஐடா ஸ்கட்டரின் கதை வீட்டுக்கு வீடு தெரிந்தது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததும், மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்றிருந்த பெண் மனம் மாறியதும் பிரசங்கங்களில் ஓயாமல் வருகின்றன. அந்த ஓர் இரவுக்குப் பின் வந்த அறுபது ஆண்டுகளைத்தான் யாரும் நிதானமாகச் சொல்வதில்லை. 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடக்கம், 1902-இல் மருத்துவமனை, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதற்கிடையே வாரந்தோறும் குடியாத்தம் சாலையில், மரத்தடி மரத்தடியாக நின்று சீழ்ப்புண் கழுவிய வேலை. 1960 மே மாதம் கொடைக்கானலில் அவர் இறந்தார். ஆரம்ப நாட்களில் அவருக்குக் கைகொடுத்தவர் வீட்டுப் பட்லரின் மனைவி சலோமி. புத்தகங்களில் அவருக்கு அந்த ஒற்றைப் பெயர் மட்டும்தான்.

திருப்பத்தூரில் வேறொரு வழி பிறந்தது. 1921-இல் மருத்துவர் சவரிராயன் ஏசுதாசனும் ஸ்காட்லாந்து மருத்துவர் ஃபாரெஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தை அமைத்தார்கள். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. ஒருவர் பெரியண்ணன், மற்றவர் சின்னண்ணன். ஜெபாலயத்தைக் கோபுரம் வைத்துக் கோயில் சாயலில் எழுப்பினார்கள். ஆரணிக்காரர்கள் ரசிக்கக்கூடிய செய்தி ஒன்று: பேட்டன் குடும்பம் அல்லோவா ஊரில் பெரிய கம்பளி நூல் ஆலைக்குச் சொந்தக்காரர்கள். ஆலை முதலாளி வீட்டுப் பிள்ளை இங்கே கதர் உடுத்தினார். 1932-இல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில் போலீஸ் தடியடியும் பட்டார். இந்த வட்டாரத்து வாழ்க்கை வரலாறுகளில் எனக்கு அதிகம் பிடித்தது இவருடையதுதான்.

இவர்கள் எல்லாரையும் நம் சபைகளில் 'முழுநேர ஊழியர்' என்போம். கத்தோலிக்கத் துறவியர் எடுப்பது 'நித்திய வார்த்தைப்பாடு'. வேதம் கேட்பதோ முழு இருதயத்தை. அது எப்படியோ முழு நேரமாகச் சுருங்கிவிட்டது. சம்பளமோ மடமோ இல்லாமல், பகலெல்லாம் அண்டை வெட்டி, நாற்று நட்டு, இரவில் ஜெபத்துக்கு வந்து உட்கார்ந்தவர்கள் அரைநேர விசுவாசிகளா?

ஆற்காடு மிஷனின் கிராமச் சபைகளில் பெரும்பாலோர் நிலமில்லாத தலித் கூலிகள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது கஞ்சிக்காக மதம் மாறினார்கள் என்ற ஏச்சு இன்றும் உண்டு. பஞ்சம் தீர்ந்து கஞ்சித்தொட்டி மூடிய பின்னும் ஏன் சபையில் நின்றார்கள் என்று ஏசுகிறவர்கள் கேட்பதில்லை. வேலை கொடுக்கும் பண்ணையாரின் முகச்சுளிப்பைத் தாங்கிக்கொண்டு நின்றவர்கள் அவர்கள். வீடு வீடாகப் போய் வேதம் வாசித்துக் காட்டிய பைபிள் பெண்களிலும், ஊர் ஊராக நடந்த உபதேசியார்களிலும் பலர் இவர்களிலிருந்து வந்தவர்கள்தாம். அவர்களுடைய ஆண்டுகளை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

சபையில் நின்றதற்கான விலை இன்றும் கொடுக்கப்படுகிறது. 1950-இல் வந்த பட்டியல் சாதியினர் ஆணையில் 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஞானஸ்நானத்தை மறைக்காமல் சான்றிதழில் எழுதும் ஆதிதிராவிடக் குடும்பம் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறது. தனித்தொகுதியில் நிற்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் துணையும் இல்லை.

உங்கள் தாத்தா உபதேசியாராகவோ பாட்டி பைபிள் பெண்ணாகவோ இருந்திருந்தால், அவர்கள் பெயரையும் ஊரையும் நடந்த பாதையையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஆரணிப் பக்கத்துப் பழைய சபைகளில் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கரையான் தின்பதற்குள் யாராவது படமெடுத்து வைத்தால் இன்னும் நல்லது.