சொடக்குப் பந்து வீசியவரின் குரல்

திருப்பூரை அடுத்த பெருமாநல்லூர் பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாள். ஓவர்லாக் மெஷின் சத்தத்துக்கு நடுவே டைலரின் ஒரு காதில் மட்டும் இயர்போன். கண்ணும் கையும் துணியில் இருக்கும். காது மட்டும்தான் சும்மா இருக்கும். அந்தக் காதுக்குள் பாட்டு ஓடும். கிரிக்கெட் நடக்கும் நாட்களில் சுழற்பந்து வீச்சாளர் ரவிச்சந்திரன் அஸ்வினின் யூடியூப் பேச்சும் ஓடும்.

2024 டிசம்பர் 18 அன்று பிரிஸ்பேனில் அவர் சர்வதேசக் கிரிக்கெட்டிலிருந்து விலகினார். 106 டெஸ்ட், 537 விக்கெட், 6 சதம். 2025 ஆகஸ்ட் 27 அன்று ஐபிஎல்லுக்கும் விடை கொடுத்தார். ஆட்டத்தை நிறுத்தியும் அவர் பேச்சைக் கேட்கும் கூட்டம் குறையவில்லை.

அவரது பேச்சைத் திரையைப் பார்க்காமலே பின்தொடர முடிகிறது என்பதே இதற்கு முக்கியக் காரணம். ஃபீல்டர் எங்கே நின்றார், பேட்ஸ்மேனின் முன்னங்கால் எந்தப் பக்கம் போனது, பந்துவீச்சாளர் கிரீஸின் ஓரத்துக்கு ஏன் நகர்ந்தார் என்று வார்த்தையாலேயே மைதானத்தை வரைந்துவிடுகிறார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனின் கப்பா மைதானத்தில் இந்தியா வென்ற பின், அணியின் அப்போதைய ஃபீல்டிங் பயிற்சியாளர் ஸ்ரீதருடன் பேசிய 'குட்டி ஸ்டோரீஸ்' இதற்கு நல்ல உதாரணம். ஆஸ்திரேலியர்களை ஆஃப் சைடில் ரன் எடுக்க விடாமல், லெக் சைடில் ஆள் நிறுத்தி மடக்கிய திட்டம் எப்படிப் பிறந்தது என்பதை அணிக்குள் இருந்தவர்களே தமிழில் சொன்னார்கள். அதுவரை இப்படிப்பட்ட விவரம் ஆங்கிலப் பத்தி படிப்பவர்களுக்குத்தான் எட்டியது.

உலகம் கேரம் பால் என்று கொண்டாடிய பந்தை, சென்னைத் தெருவில் டென்னிஸ் பந்தில் சொடக்குப் பந்து என்றே அவர் கற்றார். அந்தச் சொல்லை அவர் இன்னும் விடவில்லை. இந்தக் குரலின் வலு அங்கேதான் இருக்கிறது.

ரசிகர்களிடம் இப்படி நேரடியாகப் பேசும் வழியை முன்பே கண்டவர் ஜப்பான் கால்பந்து வீரர் ஹிதெதோஷி நகாதா. பத்திரிகைகளோடு ஒத்துப்போகாத அவர், தன் சொந்த இணையதளத்தில் எழுதினார். 2006 உலகக் கோப்பை முடிந்த கையோடு, 29 வயதில் ஓய்வு பெறுவதையும் அங்கேயேதான் அறிவித்தார். பிறகு ஊர் ஊராகச் சுற்றி, ஜப்பானின் கைவினைகளையும் சாக்கே மதுவையும் உலகுக்கு அறிமுகப்படுத்தக் கிளம்பினார். நகாதா கால்பந்தைத் தாண்டிப் போனார். அஸ்வின் கிரிக்கெட்டுக்குள் இன்னும் ஆழமாக இறங்குகிறார்.

ஆடிக்கொண்டே அலசுவதில் சங்கடமும் இருந்தது. 2025 ஐபிஎல்லில் அவர் சென்னை அணிக்கு ஆடும்போது, சேனலுக்கு வந்த விருந்தினர் அணித் தேர்வை விமர்சிக்க, அந்த சீசனின் மிச்ச நாட்களில் சென்னை ஆட்டங்களைப் பேசுவதில்லை என்று சேனலே ஒதுங்கியது. இனி அந்தக் கட்டு இல்லை. அவரது அலசல் இன்னும் கூர்மையாக வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே.

அந்த அலசலில் ஒரு பங்கு தமிழ்நாடு பிரீமியர் லீக்குக்கும் (டிஎன்பிஎல்) வேண்டும். 2025 ஜூலை 6 இறுதி ஆட்டத்தில் அஸ்வின் தலைமையிலான திண்டுக்கல்லை 118 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தி, திருப்பூர் தமிழன்ஸ் முதல் முறையாகக் கோப்பையை வென்றது. திருப்பூரின் கேப்டன் சாய் கிஷோரும் சுழற்பந்து வீச்சாளரே. தொடக்க ஜோடி அமித் சாத்விக்கும் துஷார் ரஹேஜாவும் அன்று எந்த நீளத்துப் பந்தை எப்படி அடித்தார்கள் என்பதை, எதிரணியின் கேப்டனாக மைதானத்தில் நின்று பார்த்தவரே விரித்துச் சொன்னால், பெருமாநல்லூரில் அந்த ஒற்றை இயர்போனைக் கழற்ற யாருக்கும் மனம் வராது.