ஒரு நிறத்தின் எழுத்துப்பிழை

இரண்டு வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவர் படிக்கக் கொடுத்த கவிதையின் தலைப்பில் ஃப்யூஷா என்ற சொல் ஆங்கில எழுத்திலேயே இருந்தது. நண்பருக்கு ஜவுளிக்கடையில் வேலை. இறந்துபோன தாயாரின் பட்டுப்புடவையை மறுபடி மடித்து வைப்பதுதான் கவிதை. நான் தலைப்பைச் சிவப்புப் பென்சிலால் சுழித்து, ஓரத்தில் சரியான ஸ்பெல்லிங்கை எழுதித் திருப்பிக் கொடுத்தேன். வேறு எதுவும் எழுதவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னிடம் கவிதை எதையும் காட்டவில்லை.

அவர் செய்தது பலரும் செய்கிற பிழை. எஸ்ஸை முன்னாலும் சி-எச்சைப் பின்னாலும் போட்டிருந்தார். சி-எச் முன்னால் வர வேண்டும். உச்சரிப்பை நம்பி எழுதுகிறவன் தவறாகத்தான் எழுதுவான். ஆங்கிலேயர்களும் இதற்கு விலக்கல்ல. சொல்லுக்குள் ஃபுக்ஸ் என்ற பெயர் இருப்பது தெரிந்தால்தான் வரிசை சரியாக வரும். லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் (1501–1566) டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியர். 1542-ல் பாஸலில் வெளியான அவருடைய மூலிகை நூலில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மரச்செதுக்குப் படங்கள். படத்தை வரைந்தவர், கட்டைக்கு மாற்றியவர், செதுக்கியவர் ஆகிய மூவரின் உருவங்களையும் பெயரோடு அதே நூலில் அச்சிட்டார். கைவேலை செய்தவனை மறக்காத ஒருவரின் பெயரை நாம் எழுத்து மாற்றிச் சிதைக்கிறோம். இது என் பென்சிலுக்கு நான் பின்னால் தேடிக்கொண்ட நியாயம். அன்றைக்கு எனக்கு ஸ்பெல்லிங் மட்டும்தான் தெரியும்.

மேலும் படித்தபோது இந்த நியாயமும் நிற்கவில்லை. ஃபுக்ஸ் இந்தப் பூவைப் பார்த்ததே இல்லை. அவர் இறந்து நூறு வருஷங்களுக்கும் மேலான பிறகு, ஷார்ல் ப்ளூமியே என்ற பிரெஞ்சுத் துறவி கரீபியத் தீவான ஹிஸ்பானியோலாவில் செடியைக் கண்டு, 1703-ல் வெளியிட்ட நூலில் ஃபுக்ஸின் ஞாபகமாகப் பெயர் வைத்தார். அந்தப் பூவும் சிவப்பு; இன்று நாம் ஃப்யூஷா என்று சொல்லும், ஊதா கலந்த ரோஜா நிறம் அல்ல. 1859-ல் லியோன் நகரத்தில் வெர்கென் என்பவர் அனிலீனிலிருந்து ஒரு சாயம் தயாரித்தார். அதற்குப் பூவை ஒட்டி ஃபுக்ஸின் என்று பெயர் வந்தது. அதே வருஷம் ஜூன் 4-ல் இத்தாலியில் மஜெந்தா என்ற ஊரில் பிரெஞ்சுப் படையும் சார்டீனியப் படையும் சேர்ந்து ஆஸ்திரியர்களை வென்றன. போர்க்களத்தின் பெயர் அதே சாயத்துக்கு ஒட்டிக்கொண்டது. இன்றைய கணினித் திரையில் ஃப்யூஷா, மஜெந்தா இரண்டுக்கும் ஒரே கணக்கு: சிவப்பு 255, பச்சை 0, நீலம் 255.

மனிதரிடமிருந்து பூவுக்கு, பூவிலிருந்து சாயத்துக்கு, சாயத்திலிருந்து எண்ணுக்கு. ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதோ ஒன்று மறக்கப்பட்டிருக்கிறது. எஸ் இடம் மாறியது இந்த மறதியில் ஒரு சிறு பகுதிதான். தமிழில் ஃப்யூஷா என்று எழுதினால் பிழைக்கு இடமில்லை, ஃபுக்ஸுக்கும் இடமில்லை.

வங்கியில் என் வேலைகளில் ஒன்று, காசோலையில் உள்ள பெயர் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. ஒத்துப்போகாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும். காரணம் சொல்லும் சீட்டுகூட அச்சடித்துத் தயாராக இருக்கும். கவிதையையும் நான் அப்படித்தான் திருப்பினேன். நம்முடைய விமர்சனத்தில் பெரும்பகுதி இந்தச் சீட்டு வைக்கும் காரியமாகவே இருக்கிறது என்பது என் எண்ணம். இதில் நான் யாரையும் தனியாகக் குறை சொல்ல வரவில்லை.

கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. கவிதையில் புடவையின் மடிப்பு இருக்கிறது, ஜரிகை விட்டுப்போன இடம் இருக்கிறது, பாச்சை உருண்டை வாசனை இருக்கிறது. எல்லாம் அவர் தொட்டு அறிந்தவை. தலைப்பு மட்டும் கடையின் ஷேடு கார்டிலிருந்து வந்திருக்கிறது. அந்தத் தாயார் தன் புடவையின் நிறத்தை என்னவென்று சொல்லியிருப்பார்? வாடாமல்லி என்றுதான்.

பூர்வீகத்தை வைத்து நான் வாதாடவில்லை. வாடாமல்லியும் நம் ஊர்ப் பூ அல்ல, அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. மல்லிகை இனமும் அல்ல, மணமும் கிடையாது. ஆனால் பறித்துக் காய்ந்த பிறகும் நிறம் போகாததைப் பார்த்த யாரோ வைத்த பெயர் அது. பூவைப் பார்த்த கண் அந்தப் பெயரில் இருக்கிறது. இதையும் தவறாக எழுதுகிறார்கள்: 'வாடமல்லி' என்று விலைச்சீட்டில் கண்டிருக்கிறேன். எஸ் இடம் மாறினால் ஒரு வைத்தியரின் பெயர் மறைகிறது, அவ்வளவே. இங்கே ஒரு துணைக்கால் விட்டுப்போனால் வாடாதது வாடிவிடுகிறது. இறந்தவரின் புடவையைப் பற்றிய கவிதையில் இந்த ஒரு கால் எவ்வளவு கனத்தைத் தாங்கியிருக்கும்!

நண்பர் இதை மறுக்கலாம். பல வருஷங்களாகக் கடையில் உச்சரித்துவரும் சொல்தான் தனக்கு நிஜம், அம்மாவின் சொல் இப்போது இரவல் என்று அவர் சொன்னால் அதை நான் யோசிக்க வேண்டியிருக்கும். இருந்தாலும் தலைப்பு கவிதைக்கு வெளியே நிற்கிறது என்பதே இன்றும் என் அபிப்பிராயம். இதை அன்றே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சண்டை வந்திருக்கும். அடுத்த கவிதையும் வந்திருக்கும்.