அடுத்த சீசன் யாருக்கு?

தர்மபுரியிலிருந்து சென்னை ஏறத்தாழ 300 கிலோமீட்டர். பெங்களூரு அதில் பாதிகூட இல்லை. எங்கள் ஊர் ஆண்கள் கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் பஸ் ஏறுவது பெங்களூருக்குத்தான். நியாயமாகப் பார்த்தால் கால்பந்தில் எனக்கு வாய்த்திருக்க வேண்டிய அணியும் பெங்களூரு எஃப்சிதான். ஆனால் நான் சென்னையின் எஃப்சியின் ரசிகை.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளச் செய்திக்காக எங்கள் வீட்டில் டிவி ஓடிக்கொண்டே இருந்தது. அப்படித்தான் இந்த அணி என் கண்ணில் பட்டது. புள்ளிப்பட்டியலில் கடைசியில் கிடந்து, பிறகு தொடர்ந்து வென்று அரையிறுதிக்கு வந்திருந்தார்கள். ஊர் வெள்ளத்தில் மூழ்கியதால் சொந்த ஊரில் நடக்கவேண்டிய அரையிறுதியைப் புனேயில் போய் ஆடினார்கள். டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதியாட்டம். 90ஆவது நிமிடம் நெருங்கும்வரை 1-2 எனப் பின்தங்கியிருந்த அணி, அடுத்த சில நிமிடங்களில் இரண்டு கோல் கண்டு 3-2 என்று கோப்பையைத் தூக்கியது. அன்றைக்குப் பிடித்துக்கொண்டது.

"உனக்கு அந்த டீம்ல யாரைப் பிடிக்கும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். ஒரு பெண் ஒரு ஆட்டத்தை நேசிக்கிறாள் என்றால் அதற்குள் ஒரு ஆண் ஒளிந்திருக்க வேண்டும் என்பது அந்தக் கேள்வியின் பொருள். என் அண்ணனிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

ஆட்டம் பெரும்பாலும் இரவு 7.30க்குத் தொடங்கும். அது எந்தப் பெண்ணும் ஓய்வாக உட்கார முடியாத நேரம். களி கிண்டவேண்டும், குழம்பு கொதிக்கவேண்டும், அப்பாவுக்கு மாத்திரை எடுத்துத் தரவேண்டும். பல ஆட்டங்களின் முதல் பாதியை நான் பார்த்ததே இல்லை, காதால்தான் கேட்டிருக்கிறேன். வர்ணனையாளரின் குரல் ஏறினால் கரண்டியோடு ஓடிவருவேன். வந்து சேர்வதற்குள் அண்ணன் சானலை மாற்றியிருப்பான். அரங்கத்தில் டிரம் அடிக்கிற ரசிகர்களைப் பார்க்கும்போதெல்லாம், இவர்கள் வீட்டில் இந்நேரம் அடுப்படியில் யார் நிற்கிறார்கள் என்று தோன்றும்.

இந்தக் கட்டுரை அந்த அணியின் ஏற்ற இறக்கத்தைப் பற்றியது. அந்த ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துக்கொண்ட என்னைப் பற்றியதும்கூட.

2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில், பெங்களூரு எஃப்சியையே 3-2 என்று வென்று சென்னையின் எஃப்சி இரண்டாம் முறை சாம்பியன் ஆனது. சுனில் சேத்ரி முதலில் கோல் போட்டும், மெயில்சன் ஆல்வ்ஸ் தலையால் முட்டிய இரண்டு கோல்கள் ஆட்டத்தைத் திருப்பின. அடுத்த சீசனில் அதே பயிற்சியாளர் ஜான் கிரெகரியின்கீழ் அணி 18 ஆட்டம் ஆடி இரண்டில் மட்டும் வென்றது. ஒன்பது புள்ளி. பத்து அணிகளில் பத்தாவது இடம். ஒரே ஆண்டில் சிகரத்திலிருந்து பள்ளம். அது முடிந்த கையோடு 2019 ஏப்ரலில் சூப்பர் கோப்பையின் இறுதியாட்டம்வரை போய், அங்கே கோவாவிடம் தோற்றார்கள். இவர்களை என்னதான் செய்வது?

நான் செய்ததெல்லாம் ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்ததுதான். "காயம்", "அதிர்ஷ்டம் இல்ல", "நடுக்களம் செட் ஆகல", "பெனால்டி கொடுத்திருக்கணும்". கடைசிக் காரணமாக எப்போதும் கையில் இருந்தது "அடுத்த சீசன் பாரு". அணி நிர்வாகமும் என்னைப்போலத்தான் நினைத்தது போலும், கடைசி இடம் வந்த பிறகும் கிரெகரியே தொடர்ந்தார்.

ஒருநாள் தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தபோது அம்மா சொன்னார்: "எவனோ தோத்ததுக்கு இவ்ளோ பொறுமையா காரணம் சொல்றியே, உன் தங்கச்சி ஒரு பரிச்சையில தோத்தப்ப ஒருத்தராவது காரணம் கேட்டமா?"

அம்மா சொன்னது பெரியம்மா மகளை. பிளஸ் டூவில் ஒரே ஒரு பாடத்தில் தேர்ச்சி பெறவில்லை. மறுதேர்வுக்குச் சில வாரங்களே இருந்தன. அதற்குள் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். "படிப்பு ஏறல" என்ற இரண்டு சொல்லில் அவள் கதை முடிந்தது. அதே வீட்டில் என் அண்ணன் கல்லூரியில் அரியர் வைத்து, திரும்ப எழுதி, திரும்பத் தோற்று, மூன்றாம் முறை தேறினான். ஒவ்வொரு முறையும் எல்லோரும் சேர்ந்து காரணம் சொன்னோம். பேப்பர் கஷ்டம், சேர்க்கை சரியில்லை, ஜுரம். அவனுக்கு எப்போதும் அடுத்த சீசன் இருந்தது. அவளுக்கு அந்த ஒரு ஆட்டம்தான்.

தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கி, பிறகு எங்கள் மாவட்டத்துக்கும் வந்தது. அது தேவைப்பட்ட மண் இது. பெண்ணுக்குப் பிறக்கவே வாய்ப்புத் தர யோசித்த ஊர்கள், தோற்றபின் இரண்டாம் வாய்ப்பைத் தரும் என்று எதிர்பார்க்க முடியுமா? குழந்தைத் திருமணத் தடுப்பு விளம்பரங்களைப் பள்ளிச் சுவர்களில் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தச் சுவர்களைத் தாண்டித்தான் கல்யாண வண்டிகளும் போகின்றன.

2019-20 சீசன் இன்னும் மோசமாகத் தொடங்கியது. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. நவம்பர் 25 அன்று ஹைதராபாத்துக்கு எதிரான ஆட்டத்தில் 90 நிமிடம் முடிந்த பிறகுதான் சீசனின் முதல் கோல் வந்தது. உடனே ஹைதராபாத் சமன் செய்தது. ஆட்டம் முடியும் தருவாயில் நெரியுஸ் வால்ஸ்கிஸ் வெற்றி கோல் போட்டார். அன்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா பயந்துபோய் வந்து நின்றார். கிரெகரி போய், டிசம்பரில் ஓவன் காயில் வந்தார். அதே ஆட்டக்காரர்கள்தான். ஆனால் அணி எழுந்தது. நான்காம் இடம் பிடித்து, அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டங்களும் சேர்த்து 6-5 என்று வென்று, இறுதியாட்டத்துக்குப் போனது. வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்து தங்கக் காலணி பெற்றார்.

2020 மார்ச் 14. கொரோனாவால் கோவா மைதானத்தில் பார்வையாளர் ஒருவர்கூட இல்லை. கொல்கத்தாவின் ஏடிகே 3-1 என்று வென்றது. காலி இருக்கைகளைப் பார்த்தபோது எனக்கு வருத்தத்தோடு விசித்திரமான ஒரு நிறைவும் இருந்தது. அன்றுதான் எல்லா ரசிகர்களும் என்னைப்போல வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தார்கள்.

அந்த ஊரடங்கு நாட்களில், கையில் போனும் நேரமும் இருந்தபோது, எனக்குத் தெரியவந்த ஒரு செய்திக்காகத்தான் இதை எழுதவே தொடங்கினேன். சென்னையின் எஃப்சி கடைசி இடம் வந்ததற்காக நான் சோறு தின்னாமல் கிடந்த அதே 2019இல், மே 22 அன்று, லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதியாட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று, நாட்டின் சாம்பியன் ஆகியிருந்தது மதுரையைச் சேர்ந்த சேது எஃப்சி. அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில், கட்டாக்கில், மணிப்பூரையே 2-1 என்று வென்று தமிழ்நாட்டு மகளிர் அணி முதல்முறையாகத் தேசிய சாம்பியன் ஆகியிருந்தது. சென்னையின் எஃப்சி பெங்களூருவில் கோப்பையைத் தூக்குவதற்கு ஒரு மாதம் முன்பு!

எனக்கு எதுவும் தெரியாது. ஆட்டத்தை நேசிக்கிறேன் என்று மார்தட்டிய நான், பெண்ணாகப் பிறந்து பெண்ணுரிமை பேசுகிற நான், ஆண்களின் தோல்வியை நிமிடக்கணக்கோடு மனப்பாடமாக வைத்திருந்தேன். பெண்களின் வெற்றி என் காதுக்கே வரவில்லை. ஊடகம் சொல்லவில்லை என்பது உண்மை. நான் தேடவில்லை என்பதும் உண்மை.

தேடியபோது இன்னொன்றும் புரிந்தது. 2018-19இல் ஆண்களின் லீக் ஏறத்தாழ ஆறு மாதம் நடந்தது. 2019இன் மகளிர் லீக் மே 5 முதல் 22 வரை, ஒரே ஊரில், 18 நாளில் முடிந்தது. சேது எஃப்சி சாம்பியன் ஆக ஆடியது ஏழே ஆட்டங்கள். ஏழு ஆட்டத்தில் ஓர் அணி எப்போது சோர்ந்துபோவது, எப்போது மீள்வது? பயிற்சியாளரை மாற்றுவதற்கும் இளைய ஆட்டக்காரியை இறக்கிப் பார்ப்பதற்கும் இடமேது? 2020-21இல் இது அப்பட்டமானது. ஆண்களின் லீக்கைக் காப்பாற்றக் கோவாவில் பாதுகாப்பு வளையம் அமைத்து, அத்தனை அணிகளையும் மாதக்கணக்கில் தங்கவைத்து நடத்தினார்கள். அந்த ஆண்டின் மகளிர் லீக் ரத்தானது. சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலும் மாறிமாறி ஆடுகிற முறை பெண்களுக்குக் கிடைக்க 2023-24 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விளையாட்டு விமர்சகர்கள் ஓர் அணியைப் பற்றிக் குறையாகச் சொல்கிற சொல் 'நிலையின்மை'. நிலையில்லாமல் ஆடுவதற்கு முதலில் நீண்ட சீசன் வேண்டும், சம்பளம் வேண்டும், பத்து ஆட்டம் தோற்றாலும் பதினோராவது ஆட்டத்துக்கு மைதானம் திறந்திருக்க வேண்டும். பெண்கள் அணியிடம் இருந்தது வென்றே ஆகவேண்டிய கட்டாயம். கடலூர் மாவட்டத்திலிருந்து வந்து இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். கொரோனா காலத்தில் பந்தை வைத்துவிட்டுச் சாலையில் காவல் பணி பார்த்தார். அதைப் பெருமையாகச் செய்தி போட்டோம். ஆடுவதை மட்டுமே தொழிலாக வைத்துக்கொள்ளும் வசதி எத்தனை பெண்களுக்கு இருக்கிறது என்று அந்தச் செய்தியோடு சேர்த்துக் கேட்டவர்கள் குறைவு.

அதே 2019 தீபாவளிக்குத் தமிழ்நாடே ஒரு பெண்கள் கால்பந்து அணியைப் பற்றிப் பேசியது. அட்லீ இயக்கிய 'பிகில்'. பந்தை உதைப்பவர்கள் பெண்கள். ஆனால் படம் பயிற்சியாளராக வரும் விஜய்யுடையது. இறுதியாட்டத்தில் பாண்டியம்மா என்ற ஆட்டக்காரி சோர்ந்துபோகும்போது, அவள் உடம்பைச் சொல்லிக் 'குண்டம்மா' என்று கேலி செய்து கோபமூட்டுகிறார் பயிற்சியாளர். அந்தக் கோபத்தில் அவள் ஆடுகிறாள், அரங்கம் விசிலடிக்கிறது. சென்னையின் எஃப்சியின் மோசமான காலத்தில் ஆட்டக்காரர்களின் உத்தியையும் உடல்தகுதியையும் பற்றி எவ்வளவோ பேசினோம். ஆண் தோற்றால் உத்தியில் பிழை தேடுகிறோம். பெண் தோற்றால் உடம்பில் தேடுகிறோம். அமிலவீச்சில் தப்பிய பெண்ணும், திருமணத்தால் ஆட்டத்தை விட்ட பெண்ணும் அந்தக் கதையில் இருக்கிறார்கள். அவர்கள் வலி உண்மையானது. ஆனால் அவர்கள் தாமாக எழுந்து நிற்க அந்தத் திரைக்கதை நேரம் தரவில்லை, எழுப்பிவிட ஓர் அண்ணன் வரவேண்டியிருக்கிறது.

படம் வெளியான இரவு, 2004வரை எங்கள் மாவட்டத்தோடு இருந்த கிருஷ்ணகிரியில், சிறப்புக் காட்சி தாமதமானது என்று ரசிகர்கள் சாலையில் பொருட்களை உடைத்துக் கலவரம் செய்தார்கள். பெண்களின் விளையாட்டைக் கொண்டாடும் படத்துக்காக, பெண்கள் நடமாட முடியாத நேரத்தில், பெண்கள் இல்லாத ஒரு தெருவில் ஆண்கள் நடத்திய ரகளை அது. 'ரசிகர்' என்ற சொல்லுக்கு ஊர் தந்திருக்கும் உரிமையின் அளவு அதில் தெரிகிறது. நான் ஒரு கோலுக்குக் கத்தியதற்கே பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்தது.

அதற்கு முந்தைய மாதம் ஈரானில் சஹர் கோதயாரி இறந்துபோனார். தெஹ்ரானின் எஸ்தெக்லால் அணியின் ரசிகை. ஆண் உடையில் ஆட்டம் பார்க்கப் போய்ப் பிடிபட்டவர். சிறைத்தண்டனை வரும் என்ற அச்சத்தில் நீதிமன்றத்துக்கு வெளியே தன்னையே எரித்துக்கொண்டார். அணியின் நிறத்தால் அவரை 'நீலப் பெண்' என்றார்கள். என் அணியின் நிறமும் நீலம்தான். அவர் இறந்த அடுத்த மாதம், அக்டோபர் 10 அன்று, கம்போடியாவுக்கு எதிரான ஆட்டத்தைக் காண ஆயிரக்கணக்கான பெண்கள் ஆசாதி அரங்கத்துக்குள் அனுமதிக்கப்பட்டார்கள். என்னை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனாலும் இன்றுவரை சென்னை நேரு மைதானத்தில் ஒரு ஆட்டம்கூட நான் பார்த்ததில்லை. ஆட்டம் முடிய இரவு ஒன்பதரை ஆகும். அதற்குப் பிறகு தனியாகத் தர்மபுரிக்கு பஸ் ஏறுவதை எங்கள் வீடு நினைத்துக்கூடப் பார்க்காது. சட்டமே தேவைப்படாத தடை இது.

2022 மே 26 அன்று மகளிர் லீக்கின் கடைசி ஆட்டம் புவனேஸ்வரில் நடந்தது. சேது எஃப்சியும் கோகுலம் கேரளாவும் அதுவரை தோற்காமல் வந்து மோதின. போனில் பார்த்தேன். அடுப்பை அணைத்துவிட்டு, முதல் நிமிடத்திலிருந்தே உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாவது நிமிடத்தில் ரேணு தேவி சேதுவுக்குக் கோல் போட்டார். பிறகு கோகுலம் மூன்று கோல்களைத் திருப்பித் தந்தது, 3-1. அவ்வளவு நன்றாக ஆடிவந்த பின்களம் அன்று குழம்பிப்போயிருந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "அங்க ஆளே இல்ல பாரு, எங்க போனீங்க எல்லாரும்?" என்று போனைப் பார்த்துத் திட்டினேன்.

பெண்கள் அணி ஒன்றை நான் திட்டியது அதுதான் முதல்முறை. அதுவரை அவர்களைப் பற்றிப் பேசினால் 'பாவம்' என்றோ 'சாதனை' என்றோதான் பேசியிருக்கிறேன். இந்த இரண்டு சொல்லும் ஆட்டத்தைப் பார்க்காதவர்களின் சொற்கள்.

சத்தம் கேட்டு வந்த அம்மா, "யாரு தோத்தது?" என்றார்.

"நம்ம புள்ளைங்க."

"சரி விடு," என்றார் அம்மா. "அடுத்த சீசன் இருக்குல்ல?"

இருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது. இருந்தாக வேண்டும் என்று கேட்பதற்குத்தான் ரசிகைகள் வேண்டும்.