மூன்று கண் மீன்

டி.வி. நிகழ்ச்சி முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் நாம் ரிமோட்டைத் தேடுவோம். எழுதினது யார், தயாரித்தது யார் என்று பார்க்கிற வழக்கம் கிடையாது. கார்ட்டூன் என்றால் கேட்கவே வேண்டாம். அதையெல்லாம் யாரோ உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்பதே பல பேருக்கு ஆச்சரியம். அப்படித் தவறவிட்ட பெயர்களில் ஒன்று சாம் சைமன்.

'தி சிம்ப்ஸன்ஸ்' தெரிந்திருக்கும். மஞ்சள் தோல், பிதுங்கிய கண், டோனட் தின்னும் அப்பா. அமெரிக்காவின் ஃபாக்ஸ் சானலில் 1989 டிசம்பரில் ஆரம்பித்து 750 எபிசோடுகளைத் தாண்டிவிட்ட தொடர். அதன் பிறப்பைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மாட் க்ரேனிங் என்ற கார்ட்டூனிஸ்ட், தயாரிப்பாளர் ஜேம்ஸ் எல். ப்ரூக்ஸைப் பார்க்கப் போய், வெளியே காத்திருந்த சில நிமிஷங்களில் அந்தக் குடும்பத்தை வரைந்துவிட்டார். சொந்த அப்பா, அம்மா, தங்கைகள் பெயரையே வைத்துவிட்டார். நல்ல கதைதான். ஆனால் அதிலிருந்து கிடைத்தது, 1987-ல் ட்ரேஸி உல்மன் நிகழ்ச்சியின் இடையிடையே வந்த துண்டுப் படங்கள். அரை மணி நேரத் தொடர், அதுவும் வாராவாரம் என்றால், அதற்கு இன்ஜின் வேண்டும். அதைப் பூட்டியவர்களில் முக்கியமானவர் சைமன்.

அவருக்கு இரண்டு தொழிலும் தெரியும். 1955-ல் பிறந்தவர். ஸ்டான்ஃபோர்டில் படிக்கும்போதே மாணவர் பத்திரிகையில் கார்ட்டூன் போட்டார். பிறகு ஃபில்மேஷன் கம்பெனி. சனிக்கிழமை காலையில் குழந்தைகளுக்காகப் படம் பண்ணுகிற தொழிற்சாலை அது. ஒரே நடையை, ஒரே திரும்பலைத் திரும்பத் திரும்ப உபயோகித்துச் செலவைக் குறைப்பதில் பேர்போனது. அங்கே படம் போட்டு, பிறகு எழுதினார். தானாகவே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி 'டாக்ஸி' தொடருக்கு அனுப்பி உள்ளே நுழைந்து, முப்பது வயதுக்குள் அதை நடத்தும் பொறுப்புக்கு வந்துவிட்டார். அப்புறம் 'சியர்ஸ்'. இவை இரண்டும் நிஜ நடிகர்கள், பார்வையாளர்கள் முன்னால் நடித்த காமெடிகள். எதிரே இருக்கும் ஆள் சிரிக்கிறானா இல்லையா என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

கார்ட்டூனுக்கு அவர் கொண்டுவந்தது இதைத்தான். அதுவரை குரல் கொடுப்பவர்கள் பெரும்பாலும் தனித்தனியாக வந்து, தன் வசனத்தைப் பேசிவிட்டுப் போவார்கள். எடிட்டர் ஒட்டுப் போடுவார். சைமன் எல்லோரையும் ஒரே அறையில் நிற்கவைத்தார். ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் காது கொடுக்கவேண்டும். படத்தை மறைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்டாலும் ரேடியோ நாடகம் மாதிரி நிற்கவேண்டும் என்பது அவர் கணக்கு. முதல் சில சீசன்களில் ஹோமரும் மார்ஜும் சண்டை போடும்போது அது கார்ட்டூன் சண்டையாக இல்லாமல் புருஷன் பெண்டாட்டி சண்டையாக இருப்பதற்குக் காரணம் இது என்பது என் கட்சி.

எழுத்தாளர்களையும் அவர்தான் பொறுக்கி எடுத்தார். ஜார்ஜ் மேயர் என்பவர் 'ஆர்மி மேன்' என்று ஒரு குட்டிப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். மொத்தமே மூன்று இதழ். சைமன் அதைப் படித்துவிட்டு மேயரையும், அதில் எழுதிய ஜான் ஸ்வார்ட்ஸ்வெல்டரையும் கூப்பிட்டுக்கொண்டார். ஸ்வார்ட்ஸ்வெல்டர் பிற்பாடு 59 எபிசோடு எழுதினார். அந்தத் தொடரில் வேறு யாரும் அவ்வளவு எழுதியதில்லை.

இந்த இருவர், சைமனும் ஸ்வார்ட்ஸ்வெல்டரும், சேர்ந்து எழுதிய ஒரு எபிசோடு 1990 நவம்பரில் வந்தது. பையன் பார்ட் ஆற்றில் மூன்று கண் உள்ள மீனைப் பிடிக்கிறான். பக்கத்திலிருக்கும் அணுமின் நிலையத்தின் உபயம். சோதனைக்கு ஆள் வருகிறார்கள். ரிப்பேர் பண்ணுவதைவிட கவர்னர் தேர்தலில் நிற்பது சல்லிசு என்று முதலாளி பர்ன்ஸ் களத்தில் இறங்குகிறார். டார்வின் வேஷம் போட்ட ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்து, மூன்றாவது கண் பரிணாம வளர்ச்சி என்று டி.வி.யில் விளம்பரம். செல்வாக்கு ஏறுகிறது. கடைசியில், தேர்தலுக்கு முதல் நாள், கேமராக்கள் சூழ, சாதாரணத் தொழிலாளி வீட்டில் சாப்பாடு. நமக்குப் பழக்கப்பட்ட காட்சிதான். அந்த வீடு ஹோமர் வீடு. மார்ஜ் எதிர்க்கட்சி ஆதரவாளர். ஆனால் அவள் பிரசங்கம் பண்ணவில்லை, கோஷம் போடவில்லை. மூன்று கண் மீனையே சமைத்துத் தட்டில் வைக்கிறாள். பர்ன்ஸ் ஒரு வாய் வைத்து, முழுங்க முடியாமல் துப்புகிறார். தேர்தல் முடிந்தது.

அரசியல் நையாண்டி எழுத ஆசைப்படுகிறவர்கள் இந்த ஒரு காட்சியை நாலு தடவை பார்க்கலாம். கட்சி பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு இல்லத்தரசிக்குக் கைவசம் இருக்கிற ஒரே ஆயுதத்தால் அவள் ஜெயிக்கிறாள். ஜோக் என்பது பாத்திரத்துக்குள்ளிருந்து வரவேண்டும், எழுத்தாளனின் சட்டைப் பையிலிருந்து வரக்கூடாது.

முதல் சீசனில் லிஸா காரணமில்லாமல் சோகமாக இருக்கும் எபிசோடும் அப்படித்தான். எழுதினவர்கள் அல் ஜீனும் மைக் ரீஸும். சிரித்த முகமாக இரு என்று புத்தி சொல்லி அனுப்பிய மார்ஜ், அந்தப் பொய்ச் சிரிப்பை மற்றவர்கள் எப்படி உபயோகித்துக்கொள்கிறார்கள் என்று பார்த்ததும் காரைத் திருப்பி வந்து, வருத்தமாக இருந்தால் இருந்துகொள், நாங்கள் கூட இருக்கிறோம் என்கிறாள். 1990-ல் கார்ட்டூனில் இதை எதிர்பார்த்தவர் யார்?

சைமன் சுலபமான மனிதரில்லை. க்ரேனிங்குக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. நான்கு சீசனோடு 1993-ல் விலகிவிட்டார். பெயரும் லாபத்தில் பங்கும் தொடரும் என்று ஒப்பந்தம். அப்புறம் ஆரம்பித்த 'ஜார்ஜ் கார்லின் ஷோ' 1994-ல் தொடங்கி அடுத்த வருஷமே நின்றுபோனது. அந்த நாலு வருஷத்துக்குச் சமமாக அவர் பிறகு ஒன்றும் செய்யவில்லை. சீட்டாடினார். ஒரு ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரருக்கு மேனேஜராக இருந்தார். அவர் இல்லாமலும் 'சிம்ப்ஸன்ஸ்' பல வருஷம் பிரமாதமாகவே ஓடியது. இதைச் சிலர் அவருக்கு எதிராகச் சொல்வார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன். கொத்தனார் போன பிறகும் வீடு நிற்கிறது என்றால் அது கொத்தனாருக்குப் பெருமை. பிற்கால எபிசோடுகளில் எனக்குள்ள குறையும் இதுவே: ஜோக்குகள் கூடிவிட்டன, ஒருவர் பேசுவதை இன்னொருவர் கேட்பது குறைந்துவிட்டது.

2012-ல் புற்றுநோய் என்றார்கள். சில மாதம்தான் என்றார்கள். 2015 மார்ச் வரை இருந்தார். வந்த பணத்தையெல்லாம் அநாதை நாய்களுக்கும் பசித்தவர்களுக்கும் திமிங்கில வேட்டையைத் தடுக்கும் கப்பலுக்கும் கொடுத்தார். 59 வயது.

அடுத்த முறை அந்தப் பழைய எபிசோடுகளில் ஒன்று மாட்டினால், ஐந்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். மஞ்சள் நிறம் போய்விடும். குடும்பம் மட்டும் மிஞ்சும்.