பேணப்பட்ட கடிதங்களும் பேணப்படாத கடிதங்களும்: இளம் மிஷனரிமாரின் ஆரம்ப நாட்கள் பற்றிய ஒரு நோக்கு

கடிதத்தை இலக்கிய வகைகளுள் ஒன்றாகக் கொள்ளலாமா என்ற வினா நம் வகுப்பறைகளில் அவ்வப்போது எழுவதுண்டு. 'அன்னைக்கு', 'தம்பிக்கு' என மு. வரதராசனார் எழுதிய நூல்களை உதாரணங்காட்டி, 'கொள்ளலாம்' என்போர் உளர். ஆனால் அவை கடித வடிவில் அமைந்த கட்டுரைகள். அச்சேறும் நோக்குடனேயே பிறந்தவை. அச்சைக் கருதாது, ஒரு குறிப்பிட்ட வீட்டில் ஒரு குறிப்பிட்ட மனிதர் படிப்பதற்கென எழுதப்பட்டுப் பின்னர் நூலுருப் பெற்ற கடிதங்களை எவ்வாறு மதிப்பிடுவது என்பது வேறு வினாவாகும். அத்தகைய கடிதங்களுள் ஒரு பிரிவை இக்கட்டுரை நோக்குகின்றது. ஊரையும் உற்றாரையும் பிரிந்து, சமயப் பணிக்கெனத் தூரதேசம் சென்ற இளைஞர் எழுதிய கடிதங்களே அவை.

இவ்வகை எழுத்துக்களுக்குப் பொதுவான சட்டகம் ஒன்று உண்டு. புறப்படும் துறைமுகம், நீண்ட பயணம், புதிய இடத்தில் முதலிரவு, பழகாத உணவு, விளங்காத மொழி, தன் தகுதி பற்றிய ஐயம், ஈற்றிலே இறைவன்மேற் பாரத்தைப் போட்டு ஆறுதலடைதல் என்பன அதன் கூறுகள். எச்சபையைச் சார்ந்தவர் எழுதினும் இவ்வொழுங்கு பெரிதும் மாறுவதில்லை. மோர்மன் சபை என வழங்கும் பிற்காலப் புனிதர் திருச்சபையினர் இன்றும் தம் இளைஞரைப் பதினெட்டு வயது தொடக்கம் ஈராண்டுப் பணிக்கு அனுப்புகின்றனர். எங்கு செல்வது என்பதைச் சபையே தீர்மானிக்கும். ஊழியர் இருவர் இருவராகவே திரிதல் வேண்டும். 2019ஆம் ஆண்டு வரை, வீட்டாருடன் தொலைபேசியிற் பேச ஆண்டுக்கு இரு தடவைகளே அவர்களுக்கு வழமையாக அனுமதிக்கப்பட்டன. ஏனைய வாரங்களில் எழுத்தே துணை. அவ்வாண்டு முதல் வாரந்தோறும் பேசலாம் என்றாயிற்று. குரலைக் கேட்கமுடியாத தூரந்தான் இத்தகைய கடிதங்களைப் பிறப்பித்தது என்பதை இம்மாற்றத்தின் பின்னரே நாம் தெளிவாக உணர்கிறோம்.

மேற்கூறிய சட்டகத்தினுள் ஒருவரை மற்றவரிலிருந்து வேறுபடுத்திக் காட்டுவது மொழி பற்றிய பகுதியே என்பது என் கருத்து. 1853இல் மோர்மன் ஊழியரான றிச்சர்ட் பலன்ரைன் யூட்டாவிலிருந்து சென்னைக்கு வந்தார். ஏறத்தாழ ஓராண்டு அங்கு தங்கினார். சிறு சஞ்சிகையொன்றையும் அச்சிட்டார். அவரது பிரசங்கம் ஆங்கிலத்தில், பெரும்பாலும் ஐரோப்பியர் நடுவே நிகழ்ந்தது. 1854இல் அவர் திரும்பியபோது, அவர் வந்துபோனமையைத் தமிழ்ச் சமூகம் அறிந்ததாகவே தோன்றவில்லை. அவருக்கு ஆறாண்டுகள் முன்னதாக, வேறொரு சபையின் சார்பில், மற்றோர் அமெரிக்கர் தமிழர் வாழும் கரையொன்றில் வந்திறங்கினார். அவரே சாமுவேல் பிஸ்க் கிறீன்.

கிறீன் 1822இல் மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில், 'கிறீன் ஹில்' என்னும் குடும்பப் பண்ணையிற் பிறந்தவர். நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று, 1847இல் பொஸ்ரன் துறைமுகத்திலிருந்து கப்பலேறினார். 1816 தொடக்கம் யாழ்ப்பாணத்தில் இயங்கிவந்த அமெரிக்க மிஷனை வந்தடைந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. மறு ஆண்டு மானிப்பாயிற் குடியேறி வைத்தியசாலையையும் மருத்துவ வகுப்பையும் தொடங்கினார். 1857 வரை ஒரு தடவையும், 1862 முதல் 1873 வரை மறு தடவையுமாக இங்கு பணியாற்றி, 1884இற் பிறந்த ஊரிலேயே காலமானார். நியூயோர்க் நகரின் மத்திய பூங்கா உருவாவதில் முக்கிய பங்குகொண்ட அன்ட்றூ கிறீன் இவருடைய சகோதரர். கிறீனின் கடிதங்களை எபனேசர் கட்லர் என்ற குருவானவர் தொகுத்து, வாழ்க்கை வரலாற்றுடன் சேர்த்துக் குடும்ப நண்பர்களுக்கென 1891இல் நூலாக்கினார்.

கிறீனைப் பற்றித் தமிழில் எழுதப்படாமலில்லை. கவிஞர் அம்பி 1967இல் வெளியிட்ட 'கிறீனின் அடிச்சுவடு' இத்துறையில் நன்றியுடன் நினைக்கத்தக்க நூல். எனினும் இதுவரை எழுந்த மதிப்பீடுகள் பெரும்பாலும் அறிவியல் தமிழின் முன்னோடி என்ற ஒரு நிலையில் நின்றே அவரை நோக்குகின்றன. 'அங்காதிபாதம்', 'பிரசவ வைத்தியம்', 'இரண வைத்தியம்', 'கெமிஸ்தம்' என நூல்களை நிரற்படுத்துவதும், கலைச்சொற்களைப் பாராட்டுவதும், அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை அவர் பயிற்றினார் என்று கூறுவதுமாக அவை அமைகின்றன. அவருடைய ஆரம்ப நாட்கள் சாதனைக்கு முன்னுரையாக மட்டுமே கொள்ளப்படுகின்றன. அந்நாட்களையே மையமாகக் கொண்டு நோக்கினால் வேறொரு கிறீன் தென்படுகிறார்.

மொழியறியாத பிரசங்கி துபாஷி ஒருவரை வைத்துக்கொண்டு தன் கடமை முடிந்ததென்று எண்ணிக்கொள்ளலாம். மொழியறியாத வைத்தியனால் அவ்வாறு எண்ண இயலாது. பிரசங்கிக்குத் தேவை தான் பேசுவது. வைத்தியனுக்குத் தேவை நோயாளி பேசுவது. எங்கே நோகிறது, எப்போது தொடங்கியது, என்ன உண்டாய் என்ற வினாக்களுக்கு மானிப்பாயின் ஒரு மூதாட்டி தன் வழக்கிற் கூறும் விடை விளங்காவிட்டால், நியூயோர்க்கிற் பெற்ற பட்டத்தாற் பயனில்லை. ஆகவே தொழிலின் இயல்பே கிறீனைக் கேட்பவராக்கிற்று. மிஷனரிமாருள் கேட்பவர் நிலைக்குத் தள்ளப்பட்டோர் சிலரே.

இதிலிருந்து, வந்த மறுநாளே அவர் தமிழின் தொண்டரானார் என்று கொள்வது தவறு. அவரது முதல் வகுப்புகள் ஆங்கிலத்திலேயே நடைபெற்றன. நூல்களை மொழிபெயர்க்கும் முயற்சி 1850களில் தொடங்கியபோதும், தமிழிலேயே மருத்துவம் கற்பிப்பது 1864இலேதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு அவர் கண்ட காரணமும் உணர்ச்சிவயமானதன்று. ஆங்கிலத்திற் பயின்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடிக் கிராமத்தை விட்டகன்றனர், தமிழிற் பயின்றோர் கிராமத்தில் தங்குவர் என்பதே அது. முதல் நாட்களின் இயலாமை ஒரு கொள்கையாக முதிர்வதற்குப் பதினாறு ஆண்டுகள் சென்றன. சாதனைப் பட்டியலை விட, இந்தத் தாமதமே கிறீனை நாம் நம்பத்தக்க மனிதராக்குகின்றது.

எனினும் விமர்சகன் இவ்விடத்தில் நின்றுவிடலாகாது. இக்கடிதங்கள் எவர் படிக்க எழுதப்பட்டன, எவரால் தெரிவுசெய்யப்பட்டன என்பவற்றையும் வினாவுதல் வேண்டும். அக்கால மிஷன் எழுத்து பொதுவாகச் சுதேசிகளை இருளில் உழல்வோராகவே காட்டிற்று. தாய்நாட்டில் நன்கொடை வழங்குவோர் அதனையே எதிர்பார்த்தனர். நோயாளர் தொகையாக வருவர். மொழி கற்பித்த ஆசிரியர் பெயரின்றி வருவர். அமெரிக்க மிஷன் தன் பாடசாலைகளிற் பயின்ற பிள்ளைகளுக்கு அமெரிக்கப் புரவலரின் பெயர்களையே சூட்டியது. கிறீனுடன் நின்று நூல்களைத் தமிழாக்கிய மாணவரை டான்போர்த் என்றும் சாப்மன் என்றுமே நாம் இன்று அறிகிறோம். தம் பெற்றோர் தம்மை எப்பெயரால் அழைத்தனர் என்பதையோ, மானிப்பாய் விடுதியில் தம் முதலிரவு எவ்வாறு கழிந்தது என்பதையோ அவர்கள் எழுதியிருந்தால், அது எந்த நூலிலும் சேர்க்கப்படவில்லை.

இந்த இடத்திலேதான் நம் பார்வை வடக்கிலிருந்து மலைநாட்டை நோக்கித் திரும்பவேண்டியுள்ளது. கிறீன் மானிப்பாயிற் பணியாற்றிய அதே காலத்தில், 1854இல், கோப்பித் தோட்டத் துரைமார் சிலரின் வேண்டுகோளை ஒட்டிச் சேர்ச் மிஷனரிச் சங்கத்தின் சார்பில் 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கப்பட்டது. அப்பெயரே அதைச் சூட்டியவரின் நோக்கைப் புலப்படுத்தும். அம்மிஷனின் பணியைத் தோட்டந்தோட்டமாக நடந்து செய்தவர்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் உபதேசிமார். அவர்களும் வீட்டைப் பிரிந்து கடல் கடந்தவர்களே. அறியாத குளிரையும், துரையின் ஆங்கிலத்தையும், சுற்றியிருந்த கிராமத்தின் சிங்களத்தையும் எதிர்கொண்டவர்களே. மிஷனரி என்ற சொல்லுக்குக் கிறீன் எவ்வளவு உரியவரோ அவ்வளவுக்கு அவர்களும் உரியவர்கள். ஆயினும் அவர்களின் கடிதங்களைத் தொகுக்க ஒரு கட்லர் இருக்கவில்லை.

பின்னாளில் தேயிலையும் றப்பரும் பரவிய சப்பிரகமுவத் தோட்டங்களிலும் இத்தகையோர் உலாவினர். என் பாட்டி கஹவத்தையில் ஒரு தோட்டத்து லயத்திற் பிறந்தவர். களனிவெளிப் புகையிரதம் ஒபநாயக்க வரை ஓடிய காலத்தில் அவ்வழியே வந்துபோன உபதேசியார் ஒருவரைப் பற்றி அவர் கூறுவதுண்டு. தோட்டத்தாருட் பெரும்பாலோர் அவருடைய சமயத்தை ஏற்கவில்லை. ஆனால் அவர் வரும் நாளை எல்லோரும் எதிர்பார்த்திருந்தனர். மாரியம்மன் கோயிலருகே அமர்ந்து, எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல ஊருக்குக் கடிதமெழுதிக் கொடுப்பாராம். வந்த கடிதங்களையும் படித்துக் காட்டுவாராம். அவரையும் கேட்பவராக்கியது அவர் மேற்கொண்ட பணியே. பிறர் பிரிவையெல்லாம் எழுதிய அம்மனிதர் தம் பிரிவை எவருக்கு எழுதினார் என்று பாட்டிக்குத் தெரியாது.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின் கீழ் பாட்டியின் அண்ணன் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு நீலகிரியிற் குடியேறினார். அங்கிருந்து அவர் எழுதிய கடிதங்கள் தகரப்பெட்டி ஒன்றில் இருந்தன. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது, லயத்துடன் அப்பெட்டியும் எரிந்தது. முதற்கடிதத்தின் சில வரிகள் மட்டும் பாட்டிக்கு இன்றும் மனப்பாடம்: "இங்க குளிரு சாஸ்தி, கம்பளி பத்தல. பேசுறது நம்ம பாசைதான். ஆனா எங்கள சிலோன்காரன்னுதான் கூப்பிடுறாங்க. ஆத்தா மாரியம்மா இருக்கா, பாத்துக்குவா." முன்னர்க் கூறிய சட்டகத்தின் கூறுகள் பலவும் இவ்வரிகளில் உள. குளிர் உண்டு, ஐயம் உண்டு, ஈற்றிலே தெய்வத்தின்மேற் பாரம் போடுதலும் உண்டு. மொழி மட்டுமே முறைமாறி நிற்கிறது. கிறீன் மொழி தெரியாமையால் அந்நியரானார். இவரோ மொழி தெரிந்தும் அந்நியரானார். அச்சாகிய மிஷனரிக் கடிதங்கள் காட்டாத ஓர் அனுபவத்தை எரிந்துபோன ஒரு கடிதம் கூறுகின்றது.

கிறீன் ஹில் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. 1905இல் அந்நகருக்குப் பூங்காவாக வழங்கப்பட்டது. கடிதங்கள் பத்திரமாக இருக்க அத்தகைய வீடு வேண்டும். தோட்டத்து லயம் அங்கு வாழ்ந்தவருக்குச் சொந்தமானதன்று. வாழ்ந்தவருக்கு நாடும் சொந்தமில்லை என்று 1948இற் சட்டம் செய்யப்பட்டது. எனவே பேணப்பட்டவை சிறந்தவை, பேணப்படாதவை எழுதப்படவே இல்லை என்று கொள்ளும் இலக்கிய வரலாறு, உடைமையின் வரலாற்றையே இலக்கிய வரலாறாக மயங்குகின்றது.

கிறீனின் கடிதங்களைத் தள்ளிவிடவேண்டும் என்பது என் வாதமன்று. அவை தமிழில் முழுமையாக மொழிபெயர்க்கப்படல் வேண்டும். அதே வேளையில், தோட்டங்களிலிருந்து வந்து இப்பல்கலைக்கழகத்திற் பயிலும் நாம் ஒவ்வொருவரும் விடுமுறைக்கு வீடு செல்லும்போது, எஞ்சியிருக்கும் பெட்டிகளைத் திறந்து பார்த்தலும், பெட்டி எரிந்த வீடுகளில் மனப்பாடமாக இருப்பதைக் கேட்டு எழுதுதலும் வேண்டும். கேட்கக் கற்றபோதே கிறீன் நம்மவரானார். அதனை நம் பாட்டிமாரிடத்து நாம் செய்யத் தவறுவோமாயின், விமர்சனம் என்ற பெயரில் எதைக் கற்றோம் என்ற வினாவுக்கு நாமே விடை கூறவேண்டியிருக்கும்.